எனக்குத் தெரிந்தவர்

லோகநாதனைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்த மறுநாள் காலை, கரையான்சாவடி அலுவலகத்தில் மாலைகளை வைக்க இடமில்லை. டைப்ரைட்டர் மேல் கிடந்தவற்றை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள் ஞானகுமாரி. நெமிலிச்சேரி ஏரிக்கரையில் அவள் வீட்டோடு சேர்த்து நாற்பது வீடுகளை நாளைக் காலையில் இடிக்கப் போகிறார்கள். தலைவர் மனது வைத்துக் கலெக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தால் நிற்கும்.

கொடுப்பார் என்றுதான் நம்பினாள். பன்னிரண்டு வருடப் பழக்கம் இல்லையா? அவர் முதன்முதலில் எம்.எல்.ஏ. ஆனபோது அலுவலகம் என்றால் ஒரு மேசையும் ஞானகுமாரியும்தான். அவருடைய சிபாரிசுக் கடிதத்தின் சூட்சுமமும் அவளுக்கு அத்துப்படி. 'இவர் எனக்கு வேண்டியவர்' என்று இருந்தால் அதிகாரி காரியத்தை முடித்துக் கொடுப்பார். 'இவர் எனக்குத் தெரிந்தவர்' என்று இருந்தால் கடிதம் குப்பைக்குப் போகும். வாங்குகிற ஜனங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் என்று தொகுதியே அவரைக் கொண்டாடியது. ஐயா மேலே மேலே போனது இப்படித்தான்.

"அடிம்மா," என்றார் லோகநாதன், கண்ணாடி முன் துண்டைச் சரிசெய்தபடி. "ஞானகுமாரியும் அக்கம்பக்கத்தாரும் எனக்குத் தெரிந்தவர்கள்..."

அவள் விரல்கள் நின்றுவிட்டன.

"அண்ணே, வேண்டியவங்கன்னு போடுங்கண்ணே. உங்க கால்ல வுழறேன்."

"அந்த எடம் வரதனுக்கு வேணுமாம். ஒன்பது எம்.எல்.ஏ.வை இட்டுக்கினு வந்து என்னைத் தலைவராக்குனவனே அவன்தான். நான் இன்னா பண்ணட்டும்?"

"எனக்கு வேற ஊடு இல்லண்ணே. படுத்த படுக்கையா கீற மாமியாரை வச்சிக்கினு எங்க போவேன்?"

"நீயே இப்படிக் கேட்டா எப்படி? அடி."

ஆறு கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி. சொல்லை மாற்றி அடிக்கவும் வழியில்லை, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் மனிதர் கையெழுத்துப் போடுவார். பாழாய்ப்போன அந்தச் சொல்லை ஒரு பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

வாசலில் ஏரிக்கரைப் பெண்கள் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு எல்லம்மா கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தலைவரே எய்திக் குடுத்துட்டாரு! இனிமே எவன் வருவான் நம்ம ஊட்டாண்ட?"

பெண்கள் சிரித்தார்கள். இவர்கள் நிம்மதியாகப் போய் உலை வைப்பார்கள், காலையில் அதிகாரிகள் வந்து சட்டிபானையோடு சேர்த்து வீடுகளை இடித்துத் தள்ளுவார்கள் என்று நினைத்த ஞானகுமாரி எல்லம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இது செல்லாது. தெரிந்தவர்னு போட்டா, செய்யாதேன்னு அர்த்தம். சாமானையெல்லாம் இப்பவே வெளிய எடுத்துடுங்க."

எல்லம்மா கையிலிருந்த தாளையே பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என் ஊட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரில பெட்டு வேணும்னு அன்னிக்கு ஒரு லெட்டர் அடிச்சிக் குடுத்தியே," என்றாள் மெதுவாக. "மூணு நாளு அதைக் கையில வச்சிக்கினே வராண்டால கெடந்து செத்துச்சே அந்த மனுசன். அதுல இன்னான்னு போட்டே?"

ஞானகுமாரிக்கு மறக்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம்.

"தெரிந்தவர்னுதான் அக்கா."

எல்லம்மா திட்டவில்லை, அழவுமில்லை. கடிதத்தை ஞானகுமாரியின் கையில் திணித்துவிட்டு, "வாங்கடி, சாமானை எடுக்கலாம்," என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். ஞானகுமாரியை யாரும் கூப்பிடவில்லை.