மைலோவின் மூன்று சொட்டு

மாட்டு டாக்டரின் பச்சை நிற லேண்ட்ரோவர் தொழிற்சாலை வளைவைக் கடந்து லயத்து வீடுகளின் பக்கம் இறங்குவதை, பதினான்காம் நம்பர் மலையின் உச்சியிலிருந்து நீலாவதி கண்டாள். மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் அவர் இந்தத் தோட்டத்திற்கு வருவார். லயத்து மாடுகளைப் பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்கெல்லாம் போய்விடுவார். பத்து மணிக் கொழுந்து நிறுவை அப்போதுதான் முடிந்திருந்தது. காலிக் கூடையைத் தேயிலைச் செடியின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, இருளப்பன் கங்காணியின் முன்னால் போய் நின்றாள்.

"கங்காணி ஐயா, ஒரு அரை மணி நேரம் கீழ போயிட்டு வந்துடுறேன்."

"என்னா, ஒடம்புக்கு முடியலியா?"

"எனக்கு இல்லீங்க. மைலோவுக்கு."

"மைலோவா? அது யாரு, ஒம் மாமியாளா?"

நிறுவைத் தராசைச் சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"நாய்க்குட்டிங்க."

"நாய்க்குட்டிக்கு லீவு கேட்ட மொத ஆளு நீதான் லா! பதினொண்ணுக்குள்ள வரலன்னா அரைப் பேருதான் போடுவேன், சொல்லிட்டேன்."

அரை நாள் கூலி போனாலும் போகட்டும் என்று அவள் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தாள். பனி ஈரம் காயாத செடிகளின் இடுக்கில், இடுப்பில் கட்டிய சாக்கு முழங்காலில் மோத மோத, நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருத்தி இவ்வளவு வேகமாக மலையிறங்கியதை அந்தத் தோட்டம் அதற்கு முன்பு பார்த்ததில்லை எனலாம்.

அவளுடைய ஒரே மகள் சாரதா கடந்த தை மாதம் கம்போங் ராஜாவில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு, வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமற் போயிற்று. அந்த வெறுமையின் நடுவே வந்து சேர்ந்ததுதான் அந்தப் பெட்டை நாய்க்குட்டி. மைலோ பானப் பொடியைப் பாலில் கரைத்த நிறத்தில் இருந்தபடியால் அதுவே பெயராயிற்று. வந்து மூன்று மாதம் வரை அது சமர்த்தாகவே வளர்ந்தது. ஆனால் கடந்த பத்து நாள்களாக, அது உட்கார்ந்த இடமெல்லாம் சொட்டு, நின்ற இடமெல்லாம் சொட்டு. பாயிலே சொட்டு, அரிசி மூட்டையின் அடியிலே சொட்டு. கடைசியில் கணவன் சிவசாமி தொழிற்சாலைக்குப் போட்டுக்கொண்டு போகவிருந்த சட்டையின்மேலும் சொட்டியபோது, அவன் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டான்.

"இந்தா பாரு நீலா. ஞாயித்துக்கிழம திரிங்காப்புலேருந்து லோரி வரும். அங்க காய்கறித் தோட்டத்துல காவலுக்கு நாய் கேட்டுக்கிட்டே இருக்கானுங்க. அதுக்குள்ள இது நிக்கலன்னா, நானே தூக்கி ஏத்தி விட்டுருவேன்."

சிவசாமி கெட்டவன் அல்லன். ஆனால் சொன்ன சொல்லை மாற்றாதவன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்.

குட்டி சேட்டைக்காகச் செய்யவில்லை என்பதை நீலாவதி முதல் நாளே உணர்ந்துகொண்டாள். அது குந்தும், முதுகு வளையும், பின்னங்கால்கள் நடுங்கும், மெல்லிய ஊசிக் குரலில் முனகும், இரண்டு சொட்டு விழும், எழுந்து நாலடி நடந்து மறுபடியும் குந்தும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் அடிவயிற்றிலேயே தீப்பற்றியது போலிருக்கும். அந்த எரிச்சல் எத்தகையது என்பது அவளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஒரு தடவையும் வெயில் காலத்தில் இரண்டு தடவையும் வருடந்தோறும் அவளைத் தேடி வருகிற எரிச்சல்தான் அது. யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்குத் தான் கைக்கொண்டிருந்த முறையையே குட்டிக்கும் கைக்கொண்டாள்: தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டு, இராத்திரியில் கொஞ்சம் பால் மட்டும் ஊற்றினாள். உள்ளே போனால்தானே வெளியே வரும்!

அவள் மாட்டுக் கொட்டகையை அடைந்தபோது, சிங்கு டாக்டர் தம் நீலத் தலைப்பாகை பசுவின் விலாவில் படாதபடி சாய்ந்து நின்று ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஈப்போவில் தமிழர்களோடு சேர்ந்து வளர்ந்தவராகையால் தோட்டத்துத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"டாக்டர் ஐயா! எங்கூட்டு நாய்க்குட்டிய ஒரு வாட்டி பாத்துருங்க!"

"மாட்டுக்குத்தான் வந்தேன் மா. என்னா அதுக்கு?"

"ஒண்ணுக்குப் போக முடியலீங்க. சொட்டுச் சொட்டா வருது. கத்துது."

அவர் நிமிர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணுக்குக் கெளம்பணும். மூத்திரத்த நான் கண்ணால பாக்கணும். புடிச்சிட்டு வா, பாக்கலாம்."

புடிச்சிட்டு வா! சொல்வது எளிது. அவள் கொட்டகையை அடுத்திருந்த தன் வீட்டுக்கு ஓடினாள். கால் சுளுக்கி அந்த வாரம் முழுவதும் வேலைக்குப் போகாமலிருந்த பக்கத்து வீட்டு இராசம்மா, நொண்டிக்கொண்டே ஓடி வந்து, பளபளவென்று தேய்த்து வைத்திருந்த பால் டின் மூடியை நீட்டினாள். நீலாவதி மைலோவை அவிழ்த்து வாசலில் விட்டாள். அவ்வளவுதான், பத்து நாள் வீடெங்கும் சொட்டிய அந்தச் சீமாட்டி, இப்போது வாலை ஆட்டிக்கொண்டு கோழியைப் பார்த்தாள், கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தாள், குந்தவில்லை. மாட்டுக்காரர்கள் இருவர், டாக்டரின் டிரைவர், இராசம்மா என்று ஒரு சிறு கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நாய்க்குட்டியின் பின்புறத்தை உற்று நோக்கி நின்றது.

"இத்தன பேரு பாத்தா எனக்குங் கூடத்தான் வராது லா," என்றான் டிரைவர்.

"வாய மூடு! குந்துது, குந்துது!" என்று அதட்டினாள் இராசம்மா.

முதுகு வளைந்தது. நீலாவதி தேயிலைக் கொழுந்தை நுனி நோகாமல் கிள்ளுகிற அதே லாகவத்தோடு மூடியை அடியில் நீட்டினாள். ஒன்று. இரண்டு. நெடிய முனகலுக்குப் பிறகு, மூன்று. "புடிச்சிட்டா!" என்று இராசம்மா கத்திய கத்தலில் கோழிகள் சிதறி ஓடின.

கொட்டகையிலிருந்து வந்த டாக்டர் மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பால் விடாத தேநீர் போன்ற நிறம். அதில் நூல்போல் ஒரு சிவப்பு.

"மூத்திரப் பையில கிருமி. மருந்து இருக்கு, சரியாயிரும். இது ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கும்?"

"நான் குடுக்குறதில்லீங்க," என்றாள் நீலாவதி, பெருமை தொனிக்கும் குரலில். "நிறுத்திப்புட்டேன்."

"என்னாது?"

"குடிச்சாதானே வரும்?"

"யாரு மா சொன்னா இப்பிடி? காலையில எத்தன மணிக்குக் கட்டுவ?"

"ஆறு மணிக்கு. வேல முடிஞ்சி ரெண்டு மணிக்கு வந்து அவுப்பேன்."

"எட்டு மணி நேரம் தண்ணியும் இல்ல, வெளிய போகவும் வழி இல்ல. மூத்திரம் உள்ள தங்கித் தங்கித்தான் கிருமி வளருது. குடிக்கணும், அடிக்கடி வெளிய விடணும், அதுதான் கழுவும். எட்டு மணி நேரம் அடக்கி வெச்சா எந்த உசுரு மா தாங்கும்?"

நீலாவதி இராசம்மாவைப் பார்த்தாள். இராசம்மா தன் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையில் மறைவிடம் கிடையாது. செடி இடுப்பளவுதான், அடுத்த வரிசையில் மருந்தடிக்கிற ஆண்கள், கீழே கங்காணி, காலடியில் அட்டை. ஆகவே பெண்கள் காலையில் அரைக் குவளைக் காப்பியோடு மலையேறி, இரண்டு மணி வரை நாவை நனைப்பதில்லை. இருபத்தெட்டு வருடமாக நீலாவதியின் தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே மேலே போய், நிறைந்தபடியே கீழே வந்துகொண்டிருந்தது.

டாக்டர் வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காலையில் பாதி, மாலையில் பாதி, பத்து நாள். லேண்ட்ரோவர் போனதும் இராசம்மா உள்ளே நொண்டிச் சென்று ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"பார்லி. காய்ச்சிக் குடு, எரிச்சல் அடங்கும். எப்பவும் வீட்டுல வெச்சிருப்பேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்," என்றாள் இராசம்மா.

நீலாவதி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அவளுடைய வீட்டு அரிசி டின்னுக்குப் பின்னாலும் அதே கடையின் பார்லிப் பொட்டலம் ஒன்று ஒளிந்திருந்தது.

அரைப் பேர்தான் விழுந்தது. அதைப் பற்றி யாருக்குக் கவலை! மாத்திரையைச் சாடின் மீனில் பொதிந்து ஊட்டினார்கள். இராசம்மா மணிக்கு ஒரு தடவை குட்டியை வாசலுக்கு ஓட்டினாள். வெள்ளிக்கிழமை முனகல் குறைந்தது. சனிக்கிழமை பாய் பாதிதான் நனைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, குளிரில் விறைத்திருந்த லயத்து வாசலில் திரிங்காப் லோரி வந்து ஹாரன் அடித்தபோது, சிவசாமி குட்டியைத் தேடி அடுப்படிக்கு வந்தான். தரை உலர்ந்திருந்தது. குட்டி அவனைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கால்வாய் ஓரத்துப் புல்லுக்கு ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்து, குந்தியது. சொட்டு அல்ல, ஓடை! முனகலின்றி, நடுக்கமின்றி, நிற்காமல் ஓடிற்று. பனியில் ஆவி குபுகுபுவென்று எழும்பி அதன் வால்வரை மறைத்தது.

"அடேங்கப்பா," என்றான் சிவசாமி. லோரிக்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான். "நாய் இல்ல லா, போ, போ!" என்று கையை வீசிவிட்டு, கண்ணோரம் சிரிப்பை மறைக்க முடியாமல் உள்ளே போனான்.

திங்கட்கிழமை பத்து மணி நிறுவை முடிந்தது. சுளுக்கு ஓரளவு இறங்கி, இன்னும் லேசாக நொண்டியபடி இராசம்மாவும் மலைக்கு வந்திருந்தாள்; மைலோவைக் கட்டாமல், நிறைந்த தண்ணீர்க் கிண்ணத்தோடு வாசலில் விட்டிருந்தார்கள். நீலாவதி கூடையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். எல்லாரும் பார்க்கப் பார்க்க, தலையை அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, அடிவரை குடித்தாள்.

சற்று நேரம் கழித்துக் கூடையை இறக்கி வைத்தாள்.

"எங்க போற?" என்றார் கங்காணி.

"கீழ, பேக்டரி கக்கூசுக்கு."

"வேல நேரத்துலயா? போக வர அரை மணி ஆவுமே!"

"ஆவும்," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். செடிகளுக்கிடையே ஒற்றையடிப் பாதை கீழ்நோக்கி வளைந்து சென்றது. பத்தடி போயிருப்பாள், பின்னால் ஒரு கூடை தரையில் வைக்கப்படும் ஓசை கேட்டது. பிறகு காலடிகள் தொடர்ந்தன, ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் மெத்தெனவும்.