அசையாத கோடு

குழந்தை பிறந்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது. அதற்குள் அதன் பொருட்டு வார்டில் மூன்று ஜன்னல் கண்ணாடிகள் உடைந்துவிட்டன.

உடைத்தவன் தாய்மாமன். தங்கையின் முதல் குழந்தை இதே வார்டில் மூச்சு நின்று செத்தது. அதைத் துணியில் சுற்றி வெளியே தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். இன்றைக்கு வாசல் காவலாளி சும்மா இருக்கமாட்டாமல், "நுரையீரல்ல தண்ணியாம்" என்று வாயை விட்டிருக்கிறான். அவ்வளவுதான், மாமனுக்குக் கண்மண் தெரியவில்லை. சலைன் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே புகுந்தான்.

"குளிப்பாட்டும்போது தண்ணிய உள்ள விட்டீங்களாடி? இதையும் கொன்னுட்டீங்களா?"

டாக்டர் குழந்தையின் நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுரையீரலின் விளிம்பு திரையில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். ஒவ்வொரு மூச்சுக்கும் அது இப்படியும் அப்படியும் வழுக்கும். வழுக்கியது. அடிப்பகுதியில் மட்டும் ஈரம். கருவில் இருந்தபோது நிறைந்திருந்த நீர் இன்னும் வற்றவில்லை. மூக்குக் குழாய் வழியே அழுத்தமாகப் போய்க்கொண்டிருக்கும் காற்றை நிறுத்தாமல் கொடுத்தால் நாளைக்குச் சரியாகிவிடும். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கம்பி நெற்றியில் இறங்கியது.

முழங்கை ஸ்கேன் மெஷினின் பொத்தான்கள்மேல் மோத, தரையில் போய் விழுந்தாள். சிஸ்டர் குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டாள். இரண்டாவது அடி அவள் முதுகுக்கு. வாயை விட்ட காவலாளியே ஓடிவந்து மாமனின் கழுத்தைப் பிடித்தான். மாமன் அவன் மூக்கை உடைத்தான். மருந்துத் தட்டு கவிழ்ந்தது. இரண்டு பேரும் கண்ணாடித் தூளை மிதித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கட்டிலில் வைத்து மோதினார்கள்.

"டாக்டர்! ஆக்சிஜன் இறங்குது! எழுபது... அறுபத்தி மூணு!" என்று கத்தினாள் சிஸ்டர்.

கட்டிலைப் பிடித்து எழுந்தாள். ஒரு கண்ணில் ரத்தம். குழந்தை நீலமாகிக்கொண்டிருந்தது. எல்லா அலாரங்களும் கத்தின. எது எதற்கென்று எவருக்குத் தெரியும்? அழுத்திக் கொடுத்த காற்று நுரையீரலைக் கிழித்திருக்குமோ? அப்படி நடப்பதுண்டு. கிழிந்தால் காற்று வெளியே கசிந்து நுரையீரலை நசுக்கும், அந்தக் கோடு வழுக்காது. கருவியை மறுபடி வைத்தாள். கோடு அசையவில்லை.

"ஊசி குடு. நெஞ்சுல குத்திக் காத்த எடுக்கணும்."

"எக்ஸ்ரே பாக்காமலா?"

"அதுக்குள்ள உயிர் போயிடும். குடு!"

கருவியை மெத்தையில் போட்டுவிட்டு, விலா எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஊசியை வைத்தாள். முனை தோலைக் குத்தியது. பழக்கதோஷத்தில் திரையை இன்னொரு முறை பார்த்தாள்.

நுரையீரல் அங்கேயே இருந்தது. கருவியை நெஞ்சிலிருந்து எடுத்த பிறகும் படம் போகவில்லை.

படத்தை நிறுத்தி வைக்கும் பொத்தானில் முழங்கை பட்டிருக்கிறது. அவள் பார்த்தது அடி விழுந்த நேரத்துப் பழைய படம். பொத்தானைத் தட்டிவிட்டுக் கருவியை வைத்தாள். கோடு வழுக்கியது. நெஞ்சின் மறுபக்கத்திலும் வழுக்கியது.

அப்படியானால் ஏன் நீலம்? மூக்குக் குழாயைக் கண்ணால் தொடர்ந்தாள். கட்டிலைத் தாண்டித் தரைக்கு இறங்கி, மாமனின் பூட்ஸுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"கால எடுடா!"

"நீ யாருடி எனக்குச் சொல்ல?"

ஐம்பது. நாற்பத்தி நாலு. தள்ளிப் பார்த்தாள், ஆள் நகரவில்லை. கையில் இருந்த ஊசியை அவன் தொடையில் அடிவரை இறக்கினாள்.

அலறிக்கொண்டு துள்ளினான். குழாய் நிமிர்ந்தது. எண்கள் ஏறின, எழுபது, எண்பது, தொண்ணூறு. குழந்தை வீறிட்டது. காவலாளி மாமனின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"தண்ணி நாங்க விடல," என்றாள் டாக்டர். குரல் கிழிந்தது. "எல்லாக் குழந்தைக்கும் இருக்கும், தானா வத்திடும். அதோட மூச்ச மிதிச்சுக்கிட்டு நின்னது நீ. நீதான்!"

அவன் நசுங்கிய குழாயைப் பார்த்தான். தலையைத் தரையில் முட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். பிறகு காவலாளியிடம் கெஞ்சி, தவழ்ந்து வந்து, கட்டிலின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தான்.

"அது என்னம்மா, நெஞ்சுல? செவப்பா ஒரு புள்ளி?"

அவனைத் திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். ஊசி முனை பட்ட அந்த இடத்தைப் பஞ்சால் ஒற்றினாள்.

"அது நான்," என்றாள்.