முருகன் யார் கனவில் வந்தார்

வங்காளத்தில், கங்கைக் கரைத் துறைமுகப் பகுதியான கார்டன் ரீச்சின் முருகன் கோயிலுக்குத் தல வரலாறு எழுதித் தரும்படி செயலாளர் பட்டாபிராமன் கேட்டபோது மீனாக்ஷி சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டாள். பக்கத்துப் பெஹாலாவில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துபவள் அவள்; கோயில் கமிட்டியிலும் இருந்தாள். கும்பாபிஷேகத்தன்று மேடையில் வாசிக்க, அச்சடித்துக் கொடுக்க, இரண்டு பக்கம் போதும் என்றார் அவர். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

"அந்தக் காலத்துல துறைமுகத்துல நம்மவா ஒருத்தர் பெரிய ஆபீசர். அவர் சொப்பனத்துல முருகன் வந்து, 'கங்கையில கிடக்கேன், எடுத்துக்கோ'ன்னார். மறுநாள் அலையோட வேல் தானா கரைக்கு வந்தது. இப்படி ஆரம்பி."

"அது இரும்பு வேல், மாமா. எப்படி மிதக்கும்?"

"மிதந்ததாலதானே அற்புதம்?"

அவர் சிரித்தார். மீனாக்ஷிக்குச் சிரிப்பு வரவில்லை. வட ஆற்காட்டிலிருந்து கப்பல் மூட்டை தூக்க வந்தவர்கள், உடைத்த கப்பலின் இரும்பைக் காய்ச்சி அடித்து, தங்கள் குடிசைகளுக்கு நடுவே நட்ட வேல் அது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதிகாரிகளின் குடும்பங்கள் பிறகுதான் வந்தன, கோபுரம் கட்டின. ஆனால் பங்குனி உத்திரத்தன்று வேலைத் தோளில் சுமந்து தெருவைச் சுற்றிவருவது இன்றுவரை அந்தத் தொழிலாளிகளின் வாரிசுகள்தான்.

"இது எதுக்கு மாமா, இப்போ?"

பட்டாபிராமன் குரலைத் தாழ்த்தினார். "இது துறைமுகத்து நிலம்மா. நமக்குப் பட்டா கிடையாது. நாளைக்கு ரோட்டை அகலப்படுத்தணும்னா என்ன காட்டுவோம்? கூலிக்காரா நட்டதுன்னா, பிடுங்கி வேற இடத்துல நடுங்கோம்பா. சுவாமி தானா வந்த இடம்னா எந்தக் கட்சிக்காரனும் கை வைக்கமாட்டான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு கல்லும் கொஞ்சம் குங்குமமும் சாலையையே வளைந்து போகவைத்த முனைகள் இந்த ஊரில் எத்தனையோ.

"சரி, உத்திரத்துக்கு வேல் தூக்கறவா?"

"கங்காதேவி குடுத்ததைக் கண்டவாளும் தொடலாமோ? இனிமே குருக்கள் மட்டும்தான். அவாளுக்கும் பின்னாடி இடம் இருக்கும், நடந்து வரட்டும்."

கதை எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது.

அன்று மாலையே அவள் நாகரத்தினத்தைப் பார்க்கப் போனாள். ஒரு நர்ஸிங் ஹோமில் நர்ஸாக இருக்கும் நாகரத்தினம் வேல் தூக்கும் குடும்பத்தில் பிறந்தவள்; மீனாக்ஷியை, வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுவதுபோல, 'தீதி' என்பாள். விஷயத்தைக் கேட்டதும் கொதிப்பாள் என்று மீனாக்ஷி எதிர்பார்த்தாள். அவளோ நிதானமாக, "கனவு நிஜம்தான் தீதி. ஆனா ஆபீசருக்கு வரல. எங்க கொள்ளுத்தாத்தா கன்னியப்பனுக்கு வந்துச்சு" என்றாள். "'நீ அடிக்கிற இரும்புல என்னையும் அடி'ன்னு முருகன் சொன்னாராம். எங்கப்பா சொல்வாரு."

"நீ அதை நம்பறியா?"

"தெரியல. என் பொண்ணுக்குத் தமிழே பாதிதான் வருது, பெங்காலியிலதான் சண்டை போடுறா. ஆனா வேல் தூக்குற அன்னைக்கு அவ தலையை நிமித்திட்டு நடக்குறா. அதை எதுக்கு விடணும்?"

"மாமா நிலத்தைக் காப்பாத்தத்தான் பார்க்கறார்."

"அரே, காப்பாத்தட்டும். எங்கள வெளியே தள்ளிட்டு யாருக்காகக் காப்பாத்துறாரு?"

மீனாக்ஷி இரண்டு பக்கம் எழுதினாள். கப்பல் இரும்பு, அதை அடித்தவர்களின் பெயர்கள், கன்னியப்பனின் கனவு. கனவை மட்டும் 'அவர் குடும்பத்தார் சொல்வது' என்று குறித்தாள். படித்துவிட்டுப் பட்டாபிராமன் தாளை மேஜையில் வைத்தார்.

"இது நிலத்துக்கு உதவாது."

"இதுதான் உதவும் மாமா. புல்டோசர் வந்தா தெருவுல வந்து நிக்கப்போறது இந்தக் குடும்பங்கள்தான். உங்க ஆபீசருக்கு வாரிசுன்னு யார் வருவா?"

"நீயே இப்படிப் பேசினா எப்படி? நம்மவாதானே நீ?"

"நான் உங்க கதையை எழுதமாட்டேன். பொதுக்கூட்டத்துல எழுந்தும் சொல்வேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்கூட்டம். வழக்கமாக நன்கொடையாளர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் கோயில் கூடத்தில் அன்று நாற்காலிகள் போதவில்லை. மீனாக்ஷியும் நாகரத்தினமும் வீடு வீடாகப் போய்ச் சொன்னதில் தெருவே வந்து சுவரோரம் நின்றது. பட்டாபிராமன் தானே எழுதிய வரலாற்றைக் கணீரென்று வாசித்தார். முடித்ததும் மீனாக்ஷி எழுந்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்த நன்கொடையாளர் ஷியாமளா மாமி அவள் புடவையைப் பிடித்து இழுத்ததைக் கண்டுகொள்ளவில்லை.

"அந்த ஆபீசரோட பேர் என்ன, மாமா?"

பட்டாபிராமன் தாளைப் பார்த்தார். அதில் பெயர் இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"எங்க கொள்ளுத்தாத்தா பேரு கன்னியப்பன்" என்றாள் நாகரத்தினம், நின்ற இடத்திலிருந்தே. அடுத்து ஒரு கிழவர் தன் பாட்டனாரின் பெயரைச் சொன்னார். அவருக்கு அப்பால் ஒரு பெண். தமிழ் சரியாக வராத பையன்கள்கூடப் பெயரைத் தப்பில்லாமல் சொன்னார்கள். பட்டாபிராமன் உட்கார்ந்துவிட்டார்.

பட்டாபிராமனின் தல வரலாறு அச்சாகவில்லை, மீனாக்ஷி எழுதியதும் அச்சாகவில்லை. அவளைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சில வீடுகளில் நவராத்திரிக் கொலுவுக்கு அவளை அழைக்கவில்லை. அது வலித்தது, ஆனால் அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. பங்குனி உத்திரத்தன்று வேல் எப்போதும் போல அதே தோள்களில்தான் தெருவைச் சுற்றியது.

அதற்குப் பின் ஒருநாள் பட்டாபிராமன் பிரகாரத்தில் அவளை நிறுத்தினார். கையில் நிலத்துக்கான மனு.

"கவுன்சிலர் ஆபீசுக்குப் போகணும். நிறைய பேர் வந்தாத்தான் மதிப்பான். அந்தக் குடும்பங்கள் வருவாளா? நீ கேட்டுச் சொல்லேன்."

"நான் எதுக்கு? நீங்களே போய்க் கூப்பிடுங்கோ, மாமா."

அவர் சற்றுத் தயங்கினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் தான் நுழைந்தே இராத, அந்தக் குடும்பங்கள் குடியிருக்கும் சந்துக்குள் நடந்தார்.