காவலரணில் ஒரு கைப்பை

நாங்கள் குடியேறிய நகரில், கடலோர டெவன்போர்ட் குன்றுக்குள் எதிரிக்காகத் தோண்டிய சுரங்கங்கள் இருக்கின்றன. எதிரி வரவேயில்லை. இப்போது குளிர்காலச் சனிக்கிழமைகளில், இருட்டியதும், டிக்கெட் வாங்கியவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு உலகப் போர்க்காலச் சிப்பாயாக வேடமிட்டுக் காட்டுவதுதான் வேலை. அன்று எனக்குப் பரீட்சை. பொறுப்பாளர் கிரெக்குக்குப் பிடித்தால் சீசன் முழுக்க என்னை வேலைக்கு எடுப்பான்.

எனக்கு அது வேண்டியிருந்தது. ஒடாஹுஹுவில் ஒரு கிடங்கில் நைட் ஷிஃப்ட் செய்தவன் நான். பகலில் தூக்கம் வராமல், ஒருநாள் ஃபோர்க்லிஃப்டைச் சுவரில் மோதினேன். இறங்கி, அப்படியே வெளியே நடந்து வந்துவிட்டேன். அதன் பிறகு மவுண்ட் ரோஸ்கில் வீட்டில் அம்மா என்னோடு அளந்துதான் பேசினார்.

"உடுப்புப் போட்டுக் கூத்தாடுறதும் ஒரு வேலையோ?"

"ஒருக்கா வந்து பாருங்கோவன்."

வந்தார்.

என் இடம் சுரங்க வாசல். ஹெல்மெட், கம்பளிச் சீருடை, மரத்தால் செய்த துவக்கு. ஆட்கள் வந்ததும் டார்ச்சை முகத்தில் அடித்து, "நில்! பாஸைக் காட்டு!" என்று ஆங்கிலத்தில் கத்த வேண்டும். கீழே கேட்டில் கொடுத்த விளையாட்டு அட்டையை அவர்கள் சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். உள்ளே விடுவேன்.

அம்மாவின் முறை வந்தது. கத்தினேன்.

அவர் அந்த அட்டையைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து தன் லைசன்ஸை எடுத்தார். பையை நிலத்தில் வைத்து, ஸிப்பை முழுவதும் திறந்துவிட்டு, பின்னால் தள்ளி நின்றார். லைசன்ஸைப் பிடித்தபடி இரண்டு கைகளையும் தூக்கினார். கண்கள் தரையில்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார்.

சண்டைக் காலத்தில், வவுனியாவில் இராணுவத்தின் செக்பொயின்டுக்குச் செக்பொயின்ட் அம்மா இப்படித்தான் நின்றிருக்கிறார். அப்போது நான் அவர் இடுப்பில் இருந்தேனாம். எனக்கு ஞாபகமில்லை.

டார்ச்சைத் தாழ்த்தினேன். "அம்மா, நான்தான். பிரதாபன்."

"தெரியும்." கைகள் இறங்கவில்லை. "போகலாமோ?"

பையை எடுத்துக் கொடுத்தேன். போனார்.

எல்லாம் முடிந்ததும் கிரெக் என் தோளில் தட்டினான். "அது உன் அம்மாவா? என்ன நடிப்பு! ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டிக்கொண்டு வா. வேலை உனக்குத்தான்."

அவன் கெட்டவன் இல்லை. அதனால் திட்டவும் முடியவில்லை. சீருடையைக் கழற்றி வைத்து, துவக்கை அதன் மேல் போட்டு, வேண்டாம் என்றேன்.

கார் பாலத்தில் ஏறியபோது அம்மா கேட்டார்.

"வேலை தந்தவங்களோ?"

"இல்லை."

"என்னாலயோ?"

"இல்லையம்மா. எனக்குக் குரல் காணாதாம்."

பாலத்துக்குக் கீழே கடலைப் பார்த்தார்.

"அது சரிதான்," என்றார். "அங்க அவங்கள் இன்னும் சத்தமாக் கத்துவாங்கள்."

லைசன்ஸ் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.