அன்ஃபீஸாவின் அனுமதி அட்டை

முக்காலிகளைப் போட வேண்டாம் என்று தைஸியா சொன்னபோது லாரி ஓட்டிவந்த யெகோருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அனுமதி அட்டை இல்லாமல் யாரும் நுழைய முடியாத அந்த ஊரில் யார் செத்தாலும், வெளியூரில் சொந்தம் இருந்தால், திறந்த சவப்பெட்டியைச் சோதனைச் சாவடிக்குக் கொண்டுவந்து, வேலிக்கு உள்பக்கம் இரண்டு முக்காலிகளின் மேல் வைப்பார்கள். வெளியே நிற்பவர்கள் இரட்டை முள்கம்பி வழியாகப் பார்த்து அழுதுவிட்டுப் பேருந்து பிடிக்கப் போவார்கள். மலையைக் குடைந்து ஆலை கட்டிய நாளிலிருந்து இப்படித்தான். அதற்காகவே சாவடியில் இரண்டு முக்காலிகள் எப்போதும் கிடந்தன. மற்ற நாட்களில் காவலர்கள் அவற்றில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.

வேலிக்கு அப்பால் அவள் தம்பி ரோதியோன் நின்றுகொண்டிருந்தான். அம்மா அன்ஃபீஸாவின் சாவுக்கென்று இரட்டைப்படையில் வாங்கிய சிவப்புப் பூக்களைக் குளிரில் கருகாமல் இருக்கக் கோட்டுக்குள் செருகியிருந்தான். ஒரு காலத்தில் இரண்டு வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்தவன் என்பதால், ஒவ்வொரு முறை அவன் அனுமதி கேட்கும்போதும் மேலிடத்து விசாரணை என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அம்மாவுக்குக் கால் நன்றாக இருந்தவரை அவளே வெளியே போய் அவனைப் பார்த்து வந்தாள். கால் விழுந்த பிறகு தொலைபேசிதான். நேற்றும் தந்தியோடு வந்து நின்றான். அலுவலகம் திங்கட்கிழமை திறக்கும் என்றார்கள். பிணம் திங்கட்கிழமை வரை காத்திருக்குமா என்று அவன் கேட்டதற்கு, ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் கண்ணாடியை மூடிவிட்டாளாம்.

அம்மாவை மிருகக்காட்சிசாலையில் பார்ப்பதுபோல் என் தம்பி பார்க்க மாட்டான் என்று தைஸியா நினைத்துக்கொண்டாள். யெகோரிடம் வண்டியை வெளியே விடச் சொன்னாள். தடுப்புக் கட்டையருகே நின்ற சிப்பாய் புதியவன். அவளுடைய அட்டையையும் யெகோரின் அட்டையையும் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றலாமா என்று யோசித்தான், கட்டையைத் தூக்கிவிட்டான்.

ரோதியோன் லாரியில் ஏறி, அம்மாவின் நெற்றியில் கட்டியிருந்த, பிரார்த்தனை எழுதிய காகிதப் பட்டையின் மேல் முத்தமிட்டான். வெகுநேரம் நிமிரவில்லை. “இவ்ளோ சின்னதாயிட்டாங்களேக்கா” என்று மட்டும் சொன்னான். உள்ளே, மலைச்சரிவில், இடுகாட்டுப் பக்கம் புகை எழுந்துகொண்டிருந்தது. உறைந்த மண்ணை இளக்குவதற்காக முந்தின நாளிலிருந்தே குழிவெட்டுகிறவர்கள் அங்கே விறகு எரித்தார்கள். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில், ஒரே இரும்பு வேலிக்குள், தனக்கென்று அம்மா விட்டுவைத்திருந்த இடம் அது. நெருப்பு அணைந்தால் மண் மறுபடி கல்லாகிவிடும்.

லாரி திரும்பித் தடுப்புக் கட்டைக்கு வந்தபோது சாவடிக்குள்ளிருந்து அதன் பொறுப்பாளன் ஸாவேலிச் வந்தான். இத்தனை வருஷமும் அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவன்.

“உன் அட்டை சரி. யெகோர் அட்டை சரி. அம்மாவோடது எங்க?”

கேலி செய்கிறான் என்றே நினைத்தாள். அம்மாவின் அட்டையை முந்தின நாள், இறப்புச் சான்றிதழ் வாங்கும்போது, அவள்தான் தன் கையால் ஒப்படைத்திருந்தாள். அது அவனுக்கும் தெரியும்.

“ஆளுன்னா அட்டை வேணும், சரக்குன்னா சரக்குச் சீட்டு வேணும். இது ரெண்டுலயும் சேராது தைஸியா. நான் என்னன்னு எழுதறது?”

“இப்பதானே இந்த வழியா போனோம்.”

“வெளிய போறவங்கள யாரு கேக்கறா? உள்ள இருந்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. முக்காலி போட்டுத்தான வச்சிருக்கோம். உன்ன யாரு கொண்டுபோகச் சொன்னா?”

மேலே தொலைபேசியில் கேட்டான். சரி ஐயா, சரி ஐயா என்றான். திங்கட்கிழமை என்றான். மலையடிவாரத்துக் கிராமத்தில் நல்ல இடுகாடு இருக்கிறது என்று அவனாகவே சேர்த்துக்கொண்டான்.

ரோதியோன் அவளைத் தனியே அழைத்துப் பேசினான். யோசித்துத்தான் பேசினான். “கீழயே புதைச்சிடலாம்க்கா. அங்கன்னா நான் எப்ப வேணாலும் வரலாம். உள்ள போயிட்டா எனக்கு அம்மா இல்லவே இல்ல.”

அவளுக்கு அவன்மேல்தான் முதலில் கோபம் வந்தது. பிறகு அவன் சொன்னதில் தப்பே இல்லை என்பது புரிந்ததும் கோபம் போக இடமில்லாமல் நெஞ்சில் நின்றது. முப்பது வருஷம் அந்த ஆலையில் அம்மா என்ன செய்தாள் என்று பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. கேட்டால், சட்டிக்கு மூடி செய்கிறேன் என்பாள். அந்த மூடிகள்தான் அதே ஆலையில் இருந்த அப்பாவை நாற்பத்தாறு வயதில் கொண்டுபோயின. ஒரு நாள்கூட அவள் யாரையும் திட்டியதில்லை. அப்பா பக்கத்தில் படுக்க வேண்டும் என்பதைத் தவிர எதையும் கேட்டதில்லை. அதற்கும் சீட்டு வேண்டுமாம்.

தைஸியா கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினாள். லாரியில் ஏறி, அம்மாவின் கோத்த விரல்களுக்கு இடையில் அதைச் செருகினாள். இறங்கி வந்து தடுப்புக் கட்டைக்கு வெளியே, தம்பியின் பக்கத்தில் நின்றாள்.

“ஒரு அட்டைக்கு ஒரு ஆள். அவங்கள விடு. நான் வெளிய இருந்துக்கறேன்.”

“பைத்தியமா உனக்கு? அதுல இருக்கறது உன் மூஞ்சி.”

“நீதான மாடிப்படியில பாக்கறப்பல்லாம் சொல்வ, அம்மாவ உரிச்சு வச்சிருக்கேன்னு. அவங்க சுட்டுக் குடுத்த கோஸ் ரொட்டிய தின்னுகிட்டே சொல்வியே. இப்ப பாத்துச் சொல்லு.”

யெகோர் எஞ்சினை அணைக்கவில்லை. சரிவில் புகை மெலிந்து, வெள்ளைக் கோடாகி, மரங்களுக்கு மேலே எட்டாமல் கலைந்தது. ரோதியோன் அக்காவின் கைக்குள் தன் கையுறையைத் திணித்தான். ஸாவேலிச் லாரியின் பின்னால் போய்ச் சக்கரத்தின் மேல் கால்வைத்து ஏறினான். அட்டையை எடுக்காமல், அது செருகியிருந்த இடத்திலேயே குனிந்து படித்தான். பிறகு, எத்தனையோ வருஷமாக எத்தனையோ ஆயிரம் பேரிடம் செய்து பழகியதுபோல, புகைப்படத்திலிருந்து கண்ணை உயர்த்தி முகத்தைப் பார்த்தான்.