கடைசியாகக் கால் வைத்த தேதி

மண்ணை அறிந்தவனே மனிதன். ஐந்து தலைமுறையாக அந்த மண்ணை அறிந்து, அதில் வியர்வை சிந்தி, ஊருக்கே சோறு போட்ட குடும்பம் சங்கரன்கோவில் நாறும்பூநாதனுடையது. அந்த மண் மேலநீலிதநல்லூருக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதுதான் நாறும்பூநாதனுக்குச் சரியாகத் தெரியாது.

தெரிந்துகொள்ள அவசியமும் வந்ததில்லை. நிலத்தைக் குத்தகைக்கு நல்லக்கண்ணு பார்த்துக்கொண்டார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா பார்த்துக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு தடவை உளுந்து மூட்டை வாசலில் வந்து இறங்கும். முப்பத்துநாலு வருஷம் அரசு அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்று, சால்வையை மடித்து பீரோவில் வைத்த பிறகுதான் தாம் ஒரு விவசாயி என்பது நாறும்பூநாதனுக்கு ஞாபகம் வந்தது.

ஞாபகப்படுத்தியது மகன் விஜய்சங்கர். ஓசூரிலிருந்து போன் பண்ணினான்.

"அப்பா, அந்தப் பக்கம் புஞ்சைக் காடு பூரா சோலார் கம்பெனிக்காரன் வாங்குதான். நாமளும் குடுத்திருவோம்."

"ஏலே, அது மண்ணுலே. பழைய சைக்கிளா, குடுக்கதுக்கு? நானே எறங்கி விவசாயம் பாக்கப் போறேன்."

"நீங்களா? வேட்டியில ஒரு சொட்டு சாம்பார் பட்டாலே அன்னைக்குப் பூரா வீடு ரெண்டுபடும்."

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் பஸ் ஏறி மேலநீலிதநல்லூர் போயிருப்பார்கள். நாறும்பூநாதன் எதையும் முறைப்படி செய்பவர். கம்ப்யூட்டரைத் திறந்து, பிஜித் தீவில் ஒரு பண்ணை நடத்தும் ஆறு வார உறைவிட விவசாயப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டார். "நான் ஐந்தாம் தலைமுறை உழவன். தினமும் விடியலில் என் நிலத்தில் நடக்கிறேன்" என்று அதில் எழுதினார். பண்ணைக்காரர்கள் நெகிழ்ந்துபோய் இடம் கொடுத்துவிட்டார்கள்.

விஜய்சங்கர் கொஞ்ச நேரம் சிரித்தான். பிறகு, "சரிப்பா, ஒரே ஒரு கண்டிஷன்" என்றான். "பிஜி போறதுக்கு முன்னாடி நம்ம காட்டுல நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க. அனுப்பிட்டா விக்கிற பேச்சையே நான் எடுக்க மாட்டேன். அனுப்பலைன்னா, பத்திரத்துல கையெழுத்தைப் போட்டுட்டு பிளைட் ஏறுங்க. சம்மதமா?"

"சம்மதம்லே. நான் சொன்ன சொல் மாறினது கிடையாது."

இது நடந்தது புரட்டாசியில். அப்போதிலிருந்து ஏற்பாடுகள் மும்முரமாக நடந்தன. ஓய்வூதியர் சங்கத்தில் வழியனுப்பு விழா வைத்தார்கள். தலைவர் பேசும்போது, "உலகுக்கே உழவு கற்றுக்கொடுத்த இனம் இன்று உழவு கற்கப் புறப்படுகிறது" என்றார். பாராட்டா, வேறு ஏதாவதா என்று புரியாமலேயே எல்லோரும் கை தட்டினார்கள். சுண்டல் நன்றாக இருந்தது.

பண்ணையிலிருந்து ஒரு பட்டியல் வந்திருந்தது. 'வெப்பமண்டலத்துக்குப் புதிதாக வருவோர் கவனத்துக்கு' என்று தலைப்பு. நாறும்பூநாதன் அதை அச்செடுத்து, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, மனைவி நெல்லையம்மாளுக்கு வாசித்துக் காட்டினார்.

"சுவர்ல பல்லி ஓடுமாம். பாத்துப் பதறக் கூடாதாம்."

"சரி."

"மூணு நேரமும் சோறு இருக்குமாம். சில சமயம் கையால சாப்பிட வேண்டி வருமாம்."

"அட பாவமே."

"வெயில் முப்பத்திரெண்டு டிகிரி வரைக்கும் போகுமாம். அதனால இப்பமே உடம்பைப் பழக்கணும்னு போட்டிருக்கான்." சொல்லிவிட்டு மின்விசிறியை அணைத்தார். தினமும் மதியம் ஒரு மணி நேரம் இந்தப் பயிற்சி என்று முடிவாயிற்று. சங்கரன்கோவிலில் அன்றைக்கு முப்பத்தாறு டிகிரி.

நெல்லையம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டு சொன்னாள். "இங்கன முப்பத்தாறு. அங்கன முப்பத்திரெண்டு. அப்ப நீங்க கம்பளியல்லா எடுத்துட்டுப் போணும்?"

"ஒனக்கு வெளிநாட்டு வெப்பம் தெரியாது" என்றார் நாறும்பூநாதன்.

பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது பூட்ஸ். கணுக்காலுக்கு மேல் வரும் தோல் பூட்ஸ் வேண்டும். புதிதாக இருக்கக் கூடாது. குறைந்தது மூன்று வாரம் வயலில் போட்டு நடந்து பழகியதாக இருக்க வேண்டும். நாறும்பூநாதன் திருநெல்வேலி போய் ஒன்பதாம் நம்பரில் ஒரு ஜோடி வாங்கினார். பழக்க வேண்டுமே? அந்தக் குடும்பத்தில் வயல் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் ஒரே வழிதான் உண்டு. நல்லக்கண்ணுவுக்குப் போன் போட்டார்.

"நல்லக்கண்ணு, உமக்குக் கால் எத்தனாம் நம்பர்வே?"

"நம்பரா? செருப்பு தைக்கவரு பேப்பர்ல வச்சு வரைஞ்சுக்கிடுவாரு அண்ணாச்சி. எதுக்கு?"

"ஒரு பூட்ஸ் குடுத்துவிடுதேன். தெனமும் போட்டு நடக்கணும். நல்லாப் பழக்கித் தரணும், என்ன?"

மாட்டைப் பழக்கியிருக்கிறார், நாயைப் பழக்கியிருக்கிறார். பூட்ஸ் நல்லக்கண்ணுவுக்குப் புதுசு. இருந்தாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

போட்டோ மட்டும் தள்ளிக்கொண்டே போனது. முதலில் வெயில், பிறகு மழை, பிறகு ஒரு கல்யாணம். நவம்பர் முப்பதாம் தேதி மதியம் பண்ணையிலிருந்து கடைசிப் படிவம் வந்தது. அன்றைக்கே நிரப்பி அனுப்ப வேண்டும். ஆறு கேள்விகளுக்கு நாறும்பூநாதன் விறுவிறுவென்று பதில் எழுதினார். ஏழாவதில் பேனா நின்றது.

'விவசாய நிலத்தில் நீங்கள் கடைசியாகக் கால் வைத்த தேதி என்ன? நோய்க்கிருமிகள் பரவும் என்பதால், எந்த விவசாய நிலத்தையும் மிதித்துக் குறைந்தது பத்து நாட்கள் ஆன பிறகே எங்கள் பண்ணைக்கு வர வேண்டும்.'

அவர் பண்ணையில் போய் இறங்க வேண்டிய நாள் டிசம்பர் பத்து. விரல் விட்டு எண்ணினார். இன்றைக்கு மிதித்தால் சரியாகப் பத்து நாள். நாளைக்கு மிதித்தால் பயணம் போச்சு. மிதிக்கவே இல்லையென்றால் போட்டோ இல்லை, நிலம் போச்சு.

"ஏட்டி, நான் கடைசியா எப்பம் நம்ம காட்டுக்குப் போனேன்?"

"விஜய் பொறந்த வருஷம் மாமா கூட்டிட்டுப் போனாவள்லா?"

"அப்பம் எறங்கினேன்லா?"

"எங்க எறங்கினிய? புதுச்செருப்பு, மழை பேஞ்சு கெடந்துச்சு, கார்லயே இருந்துட்டேன்னு நீங்கதான் வந்து சொன்னிய." அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஏதாவது ஒரு தேதியைப் போட்டு அனுப்புங்க. பிஜிக்காரன் வந்து பாக்கவா போறான்?"

"தேதியில பொய் எழுதச் சொல்லுதியா?" நாறும்பூநாதனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. விண்ணப்பத்தில் எழுதியது வர்ணனை. தேதி என்பது ஆவணம். அலுவலகத்தில் அவர் கோப்பைத் தாமதப்படுத்தியிருக்கிறார், ஒன்றிரண்டைத் தொலைத்தும் இருக்கிறார். ஒரு தடவைகூடத் தேதியை மாற்றிப் போட்டதில்லை. "இன்னைக்குப் போறேன். மிதிக்கேன். வந்து இன்னைக்குத் தேதியை எழுதுதேன்."

"நல்லக்கண்ணுக்கு ஒரு போன் போட்டுட்டுப் போங்க."

"என் காட்டுக்குப் போக எனக்கு வழிகாட்டி எதுக்கு?"

மேலநீலிதநல்லூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஆட்டோக்காரரிடம் கம்பீரமாகச் சொன்னார். "நாறும்பூநாதன் புஞ்சைக்குப் போணும்."

ஆட்டோக்காரர் யோசித்தார். "அப்படி யாரும் இந்தப் பக்கம் இல்லையே சார்."

"நாலு ஏக்கர். ஓடைப் பக்கம். ஐந்து தலைமுறையா இருக்கு."

"அதுல யாரு வெள்ளாமை பாக்கா?"

நாறும்பூநாதன் கொஞ்சம் இடைவெளி விட்டு, "நல்லக்கண்ணு" என்றார்.

"நல்லக்கண்ணு காடா? அப்படிச் சொல்லுங்க. ஏறுங்க."

ஓடை ஓரமாக வண்டி நின்றது. "இங்கனதான் எங்கயோ வரும்" என்றார் ஆட்டோக்காரர். ஓடைக்கு இந்தப் பக்கம் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்குக் கருகருவென்று நின்றது. அந்தப் பக்கம் உளுந்து, அங்கங்கே வழுக்கை விழுந்த மாதிரி. நாறும்பூநாதனுக்குக் குழப்பமே வரவில்லை. ஐந்து தலைமுறையின் உழைப்பு இல்லாமல் ஒரு பயிர் இப்படி நிற்குமா? நேராக மக்காச்சோளத்துக்குள் இறங்கினார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். இன்னொரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். ஆட்டோக்காரர் போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"என் மண்ணு" என்று நாறும்பூநாதன் சத்தமாகவே சொன்னார்.

"யாரது, மருதப்பன் சோளத்துக்குள்ள?" ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. தலையில் துண்டும், மடித்துக் கட்டிய கைலியும், காலில் கணுக்கால் உயர பூட்ஸுமாக நல்லக்கண்ணு நின்றார். "அண்ணாச்சி! அங்கன என்ன செய்யிய? அவன் கண்டா கதிர் ஒடிக்க வந்த ஆளுன்னுல்லா நெனைப்பான்!"

நாறும்பூநாதன் கையிலிருந்த மண்ணை மெல்லக் கீழே விட்டார். "அப்ப நம்மது?"

"இந்தா, நான் நிக்கதுதான்."

"இந்த உளுந்தா?"

"மழை பிந்திட்டு அண்ணாச்சி. மருதப்பனுக்கு போர்க் கெணறு இருக்கு, நமக்கு எது? ரெண்டு வருஷமாச் சொல்லுதேனே, நீங்க பாப்போம் பாப்போம்னிய." பிறகு அவர் குரல் தணிந்தது. "விக்கப் போறியளாமே?"

"யாரு சொன்னா? நான் இங்கன நின்னு படம் எடுத்து அனுப்பிட்டா விக்கிற பேச்சே கெடையாது."

நல்லக்கண்ணு துண்டை அவிழ்த்து உதறினார். "அப்ப வாங்க. சட்டுனு வாங்க. வெளிச்சம் போயிரும்."

ஓடையில் முழங்கால் சேறு. நாறும்பூநாதன் செருப்பைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். "அந்த பூட்ஸைக் கழட்டி எறியும்வே. பழகிட்டுல்லா?"

"நல்லாப் பழகிட்டு அண்ணாச்சி. இப்பம் கால்ல கெடக்கதே தெரியலை."

பூட்ஸ் ஓடையைத் தாண்டிப் பறந்து வந்தது. நாறும்பூநாதன் கரையில் உட்கார்ந்து மாட்டினார். முன்பக்கம் வாய்க்கால் மாதிரி அகன்று கிடந்தது. குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எழுந்து ஒரு அடி வைத்தார். கால் நகர்ந்தது, பூட்ஸ் நின்ற இடத்திலேயே நின்றது. சின்ன வயசிலிருந்து வெறுங்காலில் உழுது விரிந்த பாதம் மூன்று வாரத்தில் அதைத் தன் சாயலுக்குக் கொண்டுவந்திருந்தது.

"ஒங்க காலுக்குப் பழக்கணும்னா நீங்கள்லா போட்டிருக்கணும்?" என்றார் நல்லக்கண்ணு, வருத்தமாகத்தான்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே திரும்பியிருப்பார்கள். மருதப்பன் நிலமும் விவசாய நிலம்தான். ஏழாவது கேள்விக்கு அது போதும். ஆனால் விஜய்சங்கர் கேட்டது நம்ம காடு. நாறும்பூநாதன் பூட்ஸைக் கழற்றித் திருப்பி வீசினார். செருப்பைக் கரையில் விட்டார். வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினார். பாதி வழியில் உடைமுள் ஏறியது. 'சங்கரநாராயணா' என்று கத்தினாரே தவிர நிற்கவில்லை. நல்லக்கண்ணு கை கொடுத்து மேலே தூக்கிவிட்டு, அவருடைய போனை வாங்கிக்கொண்டார்.

நாறும்பூநாதன் தம்முடைய நாலு ஏக்கரில், அறுபதாவது வயதில், முதல் தடவையாக நின்றார். மண் சில்லென்று இருந்தது. விரல்களுக்கு நடுவே பிதுங்கி வந்தது. பாதத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார்.

"எடுத்துட்டேன் அண்ணாச்சி" என்றார் நல்லக்கண்ணு. பிறகு குனிந்து, அவர் பாதத்தைத் தம் முழங்காலில் தூக்கி வைத்து முள்ளைப் பிடுங்கினார்.

"திரும்பி வந்ததும் போர் போடுவோம்" என்றார் நாறும்பூநாதன். "நான் வந்து எறங்குதேன் பாரும்."

"எறங்குங்க. வரும்போது செருப்புப் போட்டுட்டு, அந்தப் பக்கம் பாலம் இருக்கு, அது வழியா வாங்க."

வீட்டுக்கு வந்ததும் நெல்லையம்மாள் கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பாதத்தில் பூசினாள். நாறும்பூநாதன் ஏழாவது கேள்விக்கு எதிரே 'நவம்பர் 30' என்று அழுத்தமாக எழுதி, கீழே கோடு போட்டார். பண்ணையிலிருந்து உடனே பதில் வந்தது. எல்லாம் சரி, வரலாம். அடுத்த வாரம் பழகாத கேன்வாஸ் ஷூவும், இரண்டு டப்பா பிளாஸ்திரியுமாகப் பெட்டி தயாரானது. கம்பளியை நெல்லையம்மாள் மேலாக வைத்தாள்.

மகனுக்கு முப்பதாம் தேதி இரவே போட்டோ போய்விட்டது. 'சூப்பர்ப்பா, இப்படி வெளையுத நிலத்தையா விக்கச் சொன்னேன்' என்று விஜய்சங்கர் பதில் போட்டான். விற்கும் பேச்சு அதோடு முடிந்தது.

போனில் இரண்டு படங்கள் இருந்தன. நாறும்பூநாதன் அனுப்பியது மருதப்பன் சோளத்துக்குள் எடுத்தது.