தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்

அன்று மூன்றாவது தடவையாகத் தண்ணீர்ப் பாத்திரம் தரையில் உருண்டது. நனைந்துபோன விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள் நர்ஸ். கட்டிலில் கிடந்த பெரியம்மா இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி ஓங்கி அடித்தார். சத்தம் கேட்டு வந்த மருமகள் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, "ஆரம்பிச்சாச்சா? மாத்திரையக் குடுத்துத் தூங்க வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான்கு மாதம் முன்பு பக்கவாதம் வந்து பெரியம்மாவின் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டு போயிருந்தது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை. திடீர் திடீரென்று வெறி வருகிறது என்று மகன் டாக்டரிடம் சொன்னான். டாக்டரும் வந்து பார்க்காமலே தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

நர்ஸை அனுப்பிய ஏஜென்சிக்கு எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்து வைக்க வேண்டும். சாப்பிட்டது, சிறுநீர் போனது, தண்ணீரில் கையை விட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்தது, எல்லாம். பத்தாம் நாள் அந்தப் பக்கங்களைப் புரட்டியபோதுதான் அவளுக்கு உறைத்தது. மதியம், பிற்பகல், அந்தி என்று அவள் வேலையில் இருக்கும் நேரத்தில் தினமும் மூன்று முறை மட்டும்தான் பெரியம்மாவுக்கு வெறி வந்திருந்தது. மூன்றும் தெருக்கோடிப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் நேரம். வெறிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா என்ன?

நர்ஸ் அந்த மார்க்கத்தைச் சேர்ந்தவள் அல்ல. அதனால் ஒரு நாள் முழுக்க வார்த்தைகளைத் தேடினாள். காயத்தைத் தொடுமுன் வலிக்குமா என்று கேட்டுப் பழகியவள் அவள். மகன் அலுவலகத்திலிருந்து வந்து டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து பேச்சை எடுத்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பாங்கு கேட்டதும்தான் பெரியம்மா தண்ணியில கைய விடுறாங்க. தொழணும்னு தவிக்கிறாங்களோன்னு தோணுது. படுக்கையில இருக்கிறவங்க தொழுறதுக்கு ஏதாவது வழி இருக்குதா? தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

மகனுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆபீஸ்லயும் இதே கேள்வி, வீட்லயும் இதே கேள்வியா? எங்க மார்க்கத்துல குத்தம் கண்டுபிடிக்கவா உன்னை வேலைக்கு வெச்சிருக்கோம்?"

அவன் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் பதினொரு வருஷமாகப் பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்துக்கொண்டே அவனைக் கேள்வி கேட்டு வந்தார்கள். உங்க ஆளுங்க ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்பார்கள். கேட்டவர்களில் ஒருத்தர்கூடப் பதிலுக்காக நின்றது கிடையாது. அங்கே பல்லைக் கடித்துக்கொண்டவன், எதிர்த்துப் பேச முடியாத ஒருத்தி கிடைத்ததும் அத்தனையையும் அவள் மேல் கொட்டினான்.

நர்ஸ் வாதாடவில்லை. மனம் நோகும்படி கேட்டிருந்தால் மன்னிக்க வேண்டும் என்றாள். அசுத்தத்தோடு கிடப்பவர்களுக்குத் தொழுகை கடமை இல்லை, அதெல்லாம் நீங்கிவிட்டது என்று மருமகள் பேச்சை முடித்து வைத்தாள். நர்ஸும் அதை நம்பிவிடத்தான் பார்த்தாள்.

மறுநாள் மதியம் கை மறுபடி சட்டத்தை அடித்தது. நர்ஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தாள். "பெரியம்மா, தொழணுமா? ஆமான்னா கண்ண மூடித் திறங்க." பெரியம்மா கண்ணை மூடித் திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். நிறுத்தவே இல்லை, கன்னமெல்லாம் நனைந்துவிட்டது. கேட்க வேண்டியவரை விட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்டோமே என்று நர்ஸுக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்த நாள் வேலைக்கு வரும் வழியில் பள்ளிவாசல் கதவுக்கு வெளியே நின்று, தொழுகை நடத்தும் இமாமிடம் கேட்டாள். எந்த வீடு என்று சொல்லவில்லை. இமாம் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். "புத்தி தெளிவா இருந்தா தொழுகை உண்டும்மா. ஆனா அது ஆளைச் சிரமப்படுத்த வந்ததில்ல. தண்ணி சேரலைன்னா சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்தையும் கையையும் தடவிக்கலாம். தலைய அசைச்சுத் தொழலாம், அதுவும் முடியலைன்னா கண்ணால." எந்தத் திசை என்றும் கையை நீட்டிக் காட்டினார்.

அன்று மதியம் நர்ஸ் பெரியம்மாவைத் துடைத்து, டயாப்பர் மாற்றி, புது விரிப்புப் போட்டாள். கட்டிலின் சக்கரப் பூட்டை எடுத்து, இமாம் காட்டிய திசைக்குத் திருப்பினாள். தட்டில் சலித்த மண்ணை வைத்தாள். பெரியம்மா அதைத் தொட்டு முகத்தைத் தடவினார். பிறகு உயிருள்ள கையால் செத்த கையை மெல்லத் தடவினார். தான் நின்று பார்க்கலாமா என்று தெரியாததால் நர்ஸ் அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். அன்று பகலில் மாத்திரைக்கு வேலை வரவில்லை. அடுத்த நான்கு நாளும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அந்தத் தெருவில் நர்ஸ் வந்து போகும் வீடு ஒன்றே ஒன்றுதான் என்பது இமாமுக்குத் தெரியாதா? தொழுகை முடிந்ததும் எல்லோர் எதிரிலும் மகன் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டு நர்ஸ் வந்து கேட்டுச்சு. கேக்கணும்னு தோணுச்சே, அது எவ்வளவு பெரிசு. அம்மா இப்ப தொழுறாங்கல்ல?" மனிதர் மனதாரப் பாராட்டினார். மகனுக்கோ அம்மா தொழுவதே அப்போதுதான் தெரியும். பத்துப் பேர் திரும்பிப் பார்க்க, கூசிப் போய் வீடு வந்து சேர்ந்தான்.

"எங்க அம்மாவ நாங்க கவனிக்கலைன்னு ஊரு பூரா தம்பட்டம் அடிச்சியா? கேள்வி கேக்கற சாக்குல எங்க மானத்தக் கப்பலேத்திட்ட" என்று கத்தினான். வீட்டைச் சொல்லவில்லை என்று நர்ஸ் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. ஏஜென்சிக்குப் போன் போட்டு, மார்க்கத்தை அவமதித்துவிட்டாள் என்று புகார் சொன்னான். என்ன கேட்டாள் என்று அங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை. உடனே கிளம்பி வரச் சொல்லிவிட்டார்கள்.

நர்ஸ் பையில் சாமான்களை அடுக்கினாள். மருமகள் கட்டிலைப் பழைய மூலைக்கே தள்ளினாள். தள்ளிக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசினாள். "படுத்துக்கிட்டே தொழலாம்னு எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? உனக்கென்ன, பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போயிடுவ. மீதி நேரமெல்லாம் கழுவித் தொடச்சுத் துணி மாத்தறது யாரு? ஒரு வேளை பழக்கிவிட்டா அஞ்சு வேளையும் கேப்பாங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

அதில் பொய் ஒன்றும் இல்லை. நர்ஸ் கூடத்தில் உட்கார்ந்திருந்த மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டு வேளைக்கு சாரும் கூட நின்னா முடியாதாக்கா?" என்று மருமகளிடம் கேட்டாள். இந்தக் கேள்விக்கு யாரும் கோபப்படவில்லை. மருமகள் குனிந்து சக்கரப் பூட்டைப் போட்டாள்.

பிற்பகல் பாங்கு கேட்டது. மகன் எழுந்து முகம் கை கால் கழுவினான். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "மாத்திரையக் குடுத்துரு. நான் தொழுதுட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

மருமகள் மாத்திரையை எடுத்து வந்தாள். பெரியம்மா, மண் தட்டு இல்லாததால் சுவரைத் தடவிய விரல்களை முகத்தில் ஒற்றிக்கொண்டு, பல்லை இறுக்கிக் கடித்திருந்தார். இமைகள் தாழ்ந்தன, எழுந்தன, மறுபடி தாழ்ந்தன.

"இன்னும் முடிக்கலக்கா" என்றாள் நர்ஸ்.

மருமகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டது. குனிந்து இரண்டு விரலால் மாமியாரின் மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்காக வாய் திறந்தது, மாத்திரை உள்ளே போயிற்று. தெருவில் மகன், முதல் வரிசையில் இடம் கிடைக்காமல் போய்விடுமே என்று எட்டி நடை போட்டுக்கொண்டிருந்தான்.